அவளுக்கு வைத்த மற்றக் கண்

"கண் வந்திருக்கிறது, இன்றைக்கே புறப்பட்டு வாருங்கள்" என்று கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துச் சொன்னபோது, யாருடைய கண் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது யுத்தம் முடிந்து சில வருஷங்களான காலம். மாம்புரிக் கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காற்றாலைகள் எழுந்திருந்தன. அவற்றின் இறக்கைகள் சுற்றும் ஓசையைத்தான் நான் அறிவேனே தவிர, இறக்கைகளைக் கண்டவளல்ல.

என் இடக்கண் பிறவியிலிருந்தே வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வாசித்ததெல்லாம் வலக்கண். இருபது வருஷத்துக்கு மேல் பாடசாலையில் தமிழ் படிப்பித்தது, கணவர் மறைந்த பிறகு தனிமையைப் புத்தகங்களால் நிரப்பிக்கொண்டது எல்லாமே அந்த ஒற்றைக் கண்ணின் தயவால் நடந்தவை. வேலியோரம் விழுந்து கிடந்த ஓலையை இழுத்தபோது ஒரு தென்னை ஈர்க்கு அந்தக் கண்ணில் குத்தியது. புண் ஆறியது, ஆறிய இடம் வெள்ளையாக உறைந்துபோனது. கருவிழிக்கு மேலிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை மாற்றினாலொழியப் பார்வை இல்லை என்றார்கள். பெயரைப் பதிந்துவிட்டு, ஒன்றரை வருஷம் தொலைபேசி மணிக்காகக் காத்திருந்தேன்.

அன்று அழைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வந்து அமர்ந்தாள். உப்பும் வெயிலும் கலந்த ஒரு மணம் அவளுக்கு முன்னால் வந்தது. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து எங்கள் முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது பத்து வயதுப் பிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்தவள். முகாமில் வளர்ந்து, மதுரங்குளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, உப்பளத்தில் கூலிக்குப் போகிறவள். முகாமிலிருந்த காலத்தில் ஒரு கண்ணில் வந்த நோய் வெள்ளையை விட்டுப்போயிருந்தது. மற்றக் கண் நல்ல கண். அதை அவளே சொன்னாள், ஏதோ வீட்டில் இரண்டாவது சேலை இருப்பதைச் சொல்வதுபோல. அந்தக் கணத்திலேயே என் மனம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. ஏற்கெனவே பார்க்கிறவளுக்கு எதற்கு இன்னொன்று என்று நினைத்தேன்.

சத்திரசிகிச்சைக்கு முன் மருந்து விட வந்த தாதி, சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் நிறுத்திக்கொண்டாள். உப்பளத்தில் சிங்களம் பழகியவள் அதை உடனே பிடித்துக்கொண்டாள். என்னை மூத்த சகோதரியாக்கி, ராத்தா என்று அழைத்தாள்.

"ராத்தா, கேட்டீங்களா? ரெண்டும் ஒரே ஆள்ற கண்ணாம். ஒன்டு ஒங்களுக்கு, ஒன்டு எனக்கு."

"அப்படியா."

"என்ன ராத்தா, 'அப்படியா' என்டுறீங்க! நாம ரெண்டு பேரும் இப்ப சொந்தம்."

மறுநாள் காலை கட்டுகளை அவிழ்த்தார்கள். அவளுடையதை முதலில். நல்ல கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். மின்விசிறிக்கு மூன்று இறக்கை என்றாள். சுவரிலிருந்த மணிக்கூட்டில் எட்டேகால் என்றாள். பிறகு அழுதாள், அழக் கூடாது என்று தாதி அதட்டச் சிரித்தாள். என் கட்டை அவிழ்த்தபோது எனக்கு முன்னால் பால் கலந்த வெளிச்சம் நின்றது. வெளிச்சத்துக்குள் நிறங்கள் இருந்தன. அவற்றுக்கு ஓரங்கள் இல்லை.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். என் கண்ணுக்குள் புரையும் முற்றியிருந்ததால் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போது, செயற்கை வில்லையைத் தாங்க வேண்டிய உள்ளுறை கிழிந்துவிட்டது. ஆகவே, வில்லை இப்போது வைக்கப்படவில்லை. புதிய படலம் நிலைக்கட்டும், தையல்கள் இறுகட்டும். அதன் பிறகு இன்னொரு சத்திரசிகிச்சையில் வில்லையைக் கண்ணின் வெள்ளைச் சுவரோடு தைத்து நிறுத்தலாம். ஒரு வருஷம் ஆகலாம். அதுவும் படலத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருந்தால் மட்டும். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சொட்டு மருந்தை ஒரு வேளையும் தவறவிட வேண்டாம். நான் அந்த வார்த்தைகளை மனனம் செய்துகொண்டேன். பக்கத்துக் கட்டிலில் அவள் தன் கைரேகைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அல்லாஹ், எத்தன கோடு" என்றாள்.

ஒரே மனிதரின் இரண்டு கண்கள். ஒன்று மணி பார்த்தது. மற்றது பாலைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னை விடவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை பஸ் மாறி மாம்புரிக்கு வருவாள். கையில் கருவாடோ பூசணிக்காயோ இருக்கும். முதல் தடவை வந்தபோது என் மகன் உள்ளே வந்தான். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன், கலியாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. அந்நிய ஆண்பிள்ளை என்று அவள் முக்காட்டை இழுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாளாம். மகன் தடுமாறிக் கதிரையில் இடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னத்துக்கு மகன் ஓடுறீங்க? நான் ஒங்களுக்குச் சாச்சி, உம்மாட தங்கச்சி."

"சாச்சியா?"

"ஒரு தாய்க்கிட்டப் பால் குடிச்ச புள்ளைகள் கூடப்பொறந்ததுகள் மாதிரி. அதுகளுக்குள்ள கலியாணமும் இல்ல, முக்காடும் இல்ல. பாலுக்கே அப்படி என்டா, இது சதை. ஒங்கட உம்மாக்கும் எனக்கும் ஒரே சதை."

மகன் என் பக்கம் திரும்பினான். "உம்மா, இது சரியா?"

சரியல்ல. பால்குடி உறவுக்கு மார்க்கம் வகுத்த எல்லைகளை நான் வாசித்திருக்கிறேன். இறந்தவரின் கண்படலம் அதில் எங்கும் வராது. ஆனாலும், "அவங்க சொல்றாங்கதானே" என்று மட்டும் சொன்னேன். திருத்தினால் அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தவளாவேன்; அவளுக்கு எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

எனக்கு அந்த மாதங்களில் தடித்த கண்ணாடி ஒன்று தந்திருந்தார்கள். அதனூடாக முகங்கள் பெருத்து வளைந்து நெருங்கின. எழுத்துகள் நீருக்குள் கிடந்த கிளிஞ்சல்கள்போல் அசைந்தன. வேலை முடிந்து வந்து மகன் வாசித்துக்காட்டுவான். நல்ல பிள்ளை; ஆனால் வர்ணனைகளைப் பொறுக்கமாட்டான். "உம்மா, மழை பெய்யிது. ரெண்டு பக்கத்துக்கு மழைதான். தாண்டட்டா?" என்பான். தாண்டிவிட்டுத்தான் கேட்பான்.

அவளோ வாசலில் நின்றபடி கடலைச் சொல்வாள். "அந்தா, வள்ளத்துல மூணு பேர். ஒராள் சிவப்புத் தொப்பி." காற்றாலையின் இறக்கைகள் மின்விசிறியினுடையதுபோல் மூன்றுதான் என்பாள். என் தலையில் நரை எந்தப் பக்கம் கூட என்பாள். ஊசியில் நூல் கோத்து, என் தலையணை உறையைக் கேட்காமலே தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் நன்றி சொன்னேன். ஒவ்வொரு நன்றியும் தொண்டையில் மீன்முள்போல் நின்றுதான் வெளியே வந்தது.

ஒருநாள் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. முகாமில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், என் புத்தகங்களில் ஒன்றை எடுத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். அது எனக்குப் பாடமான பக்கம். அவள் ஒரு சொல்லின் பாதியில் தத்தளிக்கும்போதே மிச்சத்தை நான் சொல்லிவிட்டேன். அடுத்த சொல்லையும். அதற்கடுத்ததையும்.

"ராத்தா, விடுங்களேன். நானும் ஒருக்கா வாசிச்சிப் பாக்கிறேன்" என்று சிரித்தாள்.

விட்டேன். கருவாடு தொட்ட விரலால் அவள் பக்கம் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்ததற்குப் பெயர் பொறாமை என்பதை நான் அறியாமல் இல்லை. எத்தனையோ கதைகளில் அதைக் கண்டிருக்கிறேன். மாணவிகளுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்திருக்கிறேன். அறிந்ததால் அது ஒரு துளியும் குறையவில்லை. என்னுடையதாக இருந்திருக்கக்கூடிய கண் எனக்கு எதிரிலிருந்து என் புத்தகத்தை வாசித்தது. எனக்குக் கிடைத்ததோ அதன் சோடி, வில்லையில்லாத ஒன்று. அவள் இடது கட்டிலிலும் நான் வலது கட்டிலிலும் மாறிப் படுத்திருந்தால் என்றெல்லாம் அறிவீனமாக யோசித்தேன்.

நோன்பு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வதற்கு முன், அவள் வந்து சேர்ந்தாள்.

"ராத்தா, ஒன்டு கேக்கணும். கண்ணுக்கு மருந்து விட்டா நோம்பு முறியுமா?"

"ஏன்?"

"விட்டவொடன தொண்டைக்குக் கைப்பு எறங்குது. வெளங்குது நல்லா. அதனால நான் பகல்ல விடுறல்ல. விடியமுன்ன ஸஹருக்கு ஒரு தரம், நோம்பு திறந்த பொறகு ரெண்டு தரம். போதும்தானே?"

"மௌலவிக்கிட்டக் கேட்டீங்களா?"

"ஒங்கக்கிட்டக் கேட்டாக் காணாதா? நீங்க படிச்ச ஆள்."

எனக்குப் பதில் தெரியும். நோன்புக்கு ஒரு வாரத்துக்கு முன்பே மகனை அனுப்பிப் பள்ளி மௌலவியிடம் கேட்டிருந்தேன். கண்ணில் விடும் மருந்து, அதன் கைப்புத் தொண்டையில் தெரிந்தாலும், நாம் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி நோன்பை முறிக்காது. தாராளமாக விடச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அன்று காலையும் பத்து மணிக்கு நான் என் கண்ணில் மருந்து விட்டிருந்தேன். அதன் கைப்பு அப்போதும் என் நாக்கடியில் இருந்தது.

"பேணுதல் நல்லதுதான்" என்றேன்.

மார்க்கத்தில் ஐயமான ஒன்றைத் தவிர்த்துக்கொள்வதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் பக்தியுள்ள பெண் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அவள் திருப்தியோடு, "நானும் அப்படித்தான் நினைச்சேன் ராத்தா" என்றாள். பிறகு எனக்காக நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துவிட்டுப் போனாள்.

அவள் மறுபடி வரும் வரையான பதினான்கு நாட்களையும் எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தம்மை நியாயப்படுத்தும் வசனங்கள் இலகுவில் வாய்த்துவிடுகின்றன. மூன்று வேளை விடுகிறாள்தானே என்றேன். அவளுக்கு இன்னொரு கண் இருக்கிறதே என்றேன். தினமும் நண்பகலில் மகன் வந்து, "உம்மா, மருந்து" என்று என் தலையைச் சாய்த்துப் பிடிப்பான். துளி விழும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை வந்தவள் வெயிலுக்குள்ளிருந்து நேராக உள்ளறையின் இருட்டான மூலைக்குப் போய் அமர்ந்தாள்.

"உப்பு வெயிலு ராத்தா. மணல் விழுந்தமாதிரி ஒறுத்துது. அடுப்படிச் சாம்பல் பறந்தமாதிரி மங்கலாவும் இரிக்கு. ரெண்டு நாளா."

என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியாது. அவளுக்கு முன்னால் முழங்கால் தொட அமர்ந்திருந்தும் எனக்குத் தெரிந்தது ஒரு மாநிற வட்டம் மட்டுமே. மகன் கை கழுவிக்கொண்டு வந்தவன் நின்றுவிட்டான்.

"சாச்சி, ஒங்கட கண் இப்படிச் சிவந்திருக்கே! ரத்தம் மாதிரி."

என் கை முதலில் போனது என் கண்ணுக்குத்தான். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கங்களுக்கு அர்த்தமில்லை. ஒரே ஆளின் சோடியல்லவா, அது போனால் இதுவும் போகுமோ என்று, நான் உள்ளுக்குள் நகைத்த அவளுடைய நம்பிக்கையை நானே நம்பினேன். அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

"வான் பிடி. கொழும்புக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

மகன் வானின் முன்னாசனத்தில் சாரதியோடு இருந்தான். நாங்கள் இருவரும் பின்னால். பாலாவிச் சந்தி தாண்டி வண்டி தெற்கே திரும்பியதும் சொன்னேன். வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள எனக்கு நேரமிருந்தது. ஆனாலும் அவை ஒழுங்கில்லாமல்தான் வந்தன.

"மருந்து நோன்ப முறிக்காது. எனக்கு அது தெரியும். நான் எல்லாப் பகலும் விட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

"நான் கேட்டேனே ராத்தா."

"ஓம். கேட்டீங்க."

"தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல்ல?"

"உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல்ல. அது என்னால தாங்க முடியாமப் போச்சு."

மதுரங்குளியைக் கடந்தோம், தன் வீட்டுக்குத் திரும்பும் பாதையையும் அவள் ஏதும் சொல்லாமல் கடந்தாள். சிலாபத்தை நெருங்கும்போது, யாரோடோ சந்தையில் விலை கதைப்பது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"எங்கட ஆக்கள் பொய் சொன்னா பொய் மாதிரிக் கேக்கும். படிச்ச ஆக்கள் சொல்றது மார்க்கம் மாதிரிக் கேக்குது."

அதன் பிறகு துணி சரசரத்தது. முன்னாசனத்தில் என் மகன் இருக்க, அவள் முக்காட்டைத் தூக்கி நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் மங்கிய கண்ணுக்கும் அந்த அசைவு தெரிந்தது. அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே அனுமதித்துக்கொண்டார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, ஊசி. உடம்பு படலத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தது. "மருந்து குறைந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம்" என்றார் டொக்டர். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள நான் முயலாமலும் இல்லை. ஒன்பதாம் நாள் அவளை வீட்டுக்கு விட்டார்கள். கண் போகவில்லை. ஆனால் முன்பிருந்தபடி முழுதாகத் தெளியவுமில்லை. அவளுடைய கணவர்தான் தொலைபேசியில் சொன்னார், அவள் பேசவில்லை. நோன்புப் பெருநாளன்று என் மகன் வட்டிலப்பம் கொண்டுபோனான். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே எதுவுமில்லாமல். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

எனக்கு வில்லை வைத்தது அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு. விறைப்பு ஊசி போட்டிருந்ததால் வலியில்லை. டொக்டரின் மூச்சு மட்டும் நெற்றிக்கு மேலே கேட்டது. ஒரு மிளகின் அகலம்தான் அந்த வில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். அவ்வளவு சிறியதைக் கண்ணின் இரு பக்கமும் நூலிட்டுத் தொங்கவிடுவதை நினைத்தபோது எனக்குத் தலையணை உறையின் ஞாபகம் வந்தது; அதை அவள் எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தாள் என்பதை விரல்களால் மட்டுமே அறிந்திருந்தேன். மறுநாள் கட்டை அவிழ்த்தபோது ஓரங்கள் திரும்பி வந்திருந்தன. கதவுக்கு ஓரம், கோப்பைக்கு ஓரம், டொக்டரின் காதுக்கு ஓரம். சில வாரங்களில், மெல்லிய கண்ணாடியின் துணையோடு, சுவரிலிருந்த எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்திய வரி வரை இறங்கினேன். வீட்டுக்கு வந்து, மகன் தாண்டிப்போன இரண்டு பக்க மழையை இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் வாசித்தேன். வாசித்து முடித்ததும் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிறைவு கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தனியாக பஸ்ஸேறி மதுரங்குளிக்குப் போனேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை நானே வாசித்து ஏறினேன்.

அவள் முற்றத்து வேம்பின் கீழே சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குரலை வைத்து நான் கற்பித்திருந்த முகம் அல்ல அது. இளமையான, கூர்மையான, அழகான முகம். முதலில் எழுந்தது பழைய அதே உணர்வுதான். அதைத் தடுக்க எனக்கு நேரமிருக்கவில்லை. பிறகு கண்ணைப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தையல்கள். வளையத்துக்குள், கீழ்ப்பாதியில், குளிர்காலக் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அந்த அளவு, அந்த இடம், அந்த நிறம் இருந்தது.

"வாங்க" என்றாள். ராத்தா என்று சொல்லவில்லை. பலகையொன்றை நகர்த்தினாள். "பாருங்க, நல்லாப் பாருங்க. பாக்கத்தானே வந்தீங்க."

பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நீண்ட வசனங்களை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். "பிழை என்னுடையது. என்ன செய்தாலும் அது திரும்பாது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அட்டையில எத்தன வரி வாசிச்சீங்க?"

"கடைசிக்கு முந்தின வரி."

"எனக்கு இப்ப இந்தக் கண்ணால அதுக்கு மேல மூணாவது." விரலால் எண்ணிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல், வெயில் கடுமையாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்குப் பொறாமையா இரிக்கு."

ஒரு வருஷமாக என்னால் வாயைத் திறந்து சொல்ல முடியாமல், சொல்லாததாலேயே ஒரு கண்ணில் போய்ப் படிந்த அந்தச் சொல்லை அவள் அரிசிக்கும் கல்லுக்கும் நடுவே வைத்துவிட்டாள். சொல்லிவிட்டதும் அது அவளிடம் இல்லை என்பதும் தெரிந்தது; முகம் இளகியிருந்தது. அந்த இலகுவைக் கண்டு எனக்கு மீண்டும் பொறாமை வந்தது. இந்தத் தடவை நான் அதை அவளிடம் சொன்னேன்.

"என்ன மனிசி நீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்தாளா என்றால், இல்லை. ஆனால் சுளகை என் மடிக்குத் தள்ளினாள்.

"கண் வந்திரிச்சிதானே. பொறுக்குங்க. இந்த மங்கல் நல்ல கண்ணையும் தடுமாற வெக்கிது, வெள்ளக் கல்லுத்தான் எனக்குத் தெரியிறல்ல. அரிசியும் வெள்ள, கல்லும் வெள்ள."

நான் குனிந்தேன். அரிசிக்குள் அரிசியின் நிறத்திலேயே கிடந்த கல்லை வேறுபடுத்த நேரமெடுத்தது. அவள் அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் அமர்ந்து, நான் எடுத்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் விரலால் நெருடிப் பார்த்து, கல்தான் என்று உறுதியான பிறகே வீசினாள்.